விண்கல்லும் பெயர்ச்சீட்டும்: தமிழ் நிலத்து விண்கற்களின் காப்பு வரலாறும் பேராக் மாநிலமும்

முன்னுரை

1857ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் நண்பகலில், அன்றைய மதுரை மாவட்டத்தின் தென்பகுதியில் இரு கற்கள் வானிலிருந்து வீழ்ந்தன. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 77 கிலோகிராம் எடையுடையவை. தமிழகத்தில் வீழ்ந்து, வீழ்ந்த நாளும் இடமும் பதிவு செய்யப்பெற்று, இன்றளவும் காக்கப்பட்டு வரும் விண்கற்களுள் இதுவே மிகப் பெரியது எனலாம். ஆயினும் பெரிய கல் இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கும், சிறிய கல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்துக் கல்லூரி ஒன்றிற்கும் சென்று சேர்ந்தன. அறிவியல் உலகம் அவ்விண்கல்லைப் 'பர்னல்லி' என்னும் பெயரால் அறியும். அப்பெயர் எந்தத் தமிழ் ஊரைக் குறிக்கிறது என்பது அறிவியலார் தாமே விடை காணக்கூடிய வினா அன்று. அது தமிழாய்வாளர் முன் நிற்கும் வினா.

விண்கற்களைச் சேமித்தலும் காட்சிப்படுத்தலும் வேதியியலார்க்கும் அருங்காட்சியகக் காப்பாளர்க்கும் மட்டுமே உரிய துறை என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. அவ்வெண்ணம் பாதியளவே பொருந்தும். விண்கல்லைக் காப்பதற்கு இரண்டு வேண்டும். ஒன்று உலர்ந்த காற்று. மற்றொன்று பிழையற்ற பெயர்ச்சீட்டு. முன்னது தவறினால் கல் துருவேறிப் பொடியாகும். பின்னது தவறினால் கல் இருக்கும்; ஆனால் அஃது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல எவரும் இரார். தமிழ் நிலத்து விண்கற்களின் வரலாற்றை இவ்விரு நோக்கிலும் ஆராய்ந்து, அவ்வரலாறு ஈப்போ நகரத்திற்கும் அதனைச் சூழ்ந்த பேராக் மாநிலத்திற்கும் எவ்வகையில் பயன்படும் என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரில் நின்ற ஊர்கள்

விண்கல் ஒன்றுக்கு அது வீழ்ந்த அல்லது கண்டெடுக்கப்பட்ட இடத்தின் பெயரையே இடுதல் உலக மரபு. கண்டவர் பெயரோ, வாங்கியவர் பெயரோ, காக்கும் நிறுவனத்தின் பெயரோ இடப்படுவதில்லை. இதன் விளைவாக, உலக வரைபடங்களில் இடம்பெறாத சிற்றூர்கள் பல விண்கல் பட்டியல்களில் நிலைபேறு பெற்றுள்ளன. தமிழ் வழங்கும் நிலங்களைச் சேர்ந்த மூன்று பெயர்களை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது முல்லைத்தீவு. 1795 ஏப்ரல் 13ஆம் நாள் இலங்கையின் வடபகுதியில் விண்கல் வீழ்ந்தது. பழைய ஐரோப்பியப் பட்டியல்கள் வீழ்ந்த இடத்தைக் 'கார்னவெல்பட்டு' என்று குறிக்கின்றன. வன்னியின் நிருவாகப் பிரிவுகளான பற்றுகளுள் ஒன்றாகிய கருநாவற்பற்றே இது என்பதை உணர்தற்குத் தமிழறிவு ஒன்றே போதும். காலத்தை நோக்கும்போது இவ்வீழ்ச்சியின் சிறப்பு மேலும் விளங்கும். வானிலிருந்து கல் வீழும் என்பதை ஐரோப்பிய அறிஞர் பலர் அப்போது ஏற்கவில்லை. செருமானிய அறிஞர் கிளாட்னி அக்கருத்தை நிறுவ முனைந்து நூல் வெளியிட்டது 1794இல்; பிரான்சு நாட்டின் லேகிள் என்னும் ஊரில் கல்மாரி பொழிந்து ஐயம் நீங்கியது 1803இல். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் வன்னியில் கல் வீழ்ந்திருக்கிறது. ஆயின் அதில் இன்று எஞ்சியிருப்பது சில பத்துக் கிராம் அளவே.

இரண்டாவது மேலே கூறிய பர்னல்லி. ஆவணங்கள் தரும் இருப்பிடம் இன்றைய கமுதி வட்டாரத்தை ஒட்டி அமைகின்றது. அவ்வட்டாரத்தில் பெருநாழி என்னும் ஊர் உள்ளது. பெரு என்னும் முன்னொட்டு 'பர்' எனத் திரிவதும், ழகர ஒலியை எழுத இயலாத அயலார் அதனை லகர இரட்டையாக எழுதுவதும் குடியேற்றக் கால ஆவணங்களில் இயல்பு. ஆகவே பர்னல்லி என்பது பெருநாழியே எனக் கருதுவதற்கு வலுவான இடமுண்டு.

மூன்றாவது, 1886 சனவரி 27ஆம் நாள் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் வீழ்ந்த நம்மியந்தல் விண்கல். நான்கரைக் கிலோகிராம் எடையுள்ள கல் இது. ஏந்தல் என்பது நீர்நிலையைக் குறிக்கும் பழஞ்சொல். ஊர்ப்பெயர்களின் ஈற்றில் இச்சொல் பயில வருவதைத் தமிழாசிரியர் அறிவர். ஒரு விண்கல்லின் பெயரில் நம் ஊர்ப்பெயராய்வுக்குரிய சொல்லொன்று உறைந்திருப்பது எண்ணத்தக்கது.

வீண்மீன் வீழ்ச்சியைக் கண்டு பதிவு செய்யும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. சேரமன்னன் ஒருவனின் மறைவுக்கு முன் வானில் மீன் வீழ்ந்ததைக் கூடலூர் கிழார் புறநானூற்றின் 229ஆம் பாடலில் பாடியுள்ளார். திங்களும் நாள்மீனும் வீழ்ந்த திசையும் அதில் கூறப்படுகின்றன. எனினும் அங்கே பதிவு உண்டு, கல் இல்லை. முல்லைத்தீவில் கல் உண்டு, பதிவு சிதைந்துள்ளது. கல்லும் பதிவும் ஒருங்கே நிற்கும் தன்மைக்கு உலகம் சுட்டும் தலைசிறந்த எடுத்துக்காட்டு சப்பான் நாட்டின் நோகாதா என்னும் ஊரில் உள்ளது. கி.பி. 861இல் வீழ்ந்ததாகக் கருதப்படும் 472 கிராம் எடையுள்ள விண்கல்லொன்று அங்குள்ள கோயிலில் மரப்பெட்டியில் வைத்துக் காக்கப்பட்டு வந்துள்ளது. வீழ்ந்த நாள் அப்பெட்டியின் மூடியில் எழுதப்பட்டிருந்தது. வீழ்ந்ததைக் கண்டு எடுத்துவைத்த விண்கற்களுள் மிகப் பழமையானது என்னும் தகுதியை அக்கல்லுக்கு அளித்தது அந்த மூடியிலிருந்த எழுத்தே.

கற்கள் பெயர்ந்த வழி

பெருநாழிக் கற்கள் கடல் கடந்த வரலாறு, 19ஆம் நூற்றாண்டின் அறிவியல் எவ்வாறு இயங்கியது என்பதற்குச் சான்றாகும். அக்காலத்தில் மண்டபசாலையில் தங்கிப் பணியாற்றிய அமெரிக்க மதுரை மிசனைச் சேர்ந்த பாதிரியார் எச். எஸ். டெய்லர் இவ்வீழ்ச்சியைப் பற்றிய செய்தியைத் தம் நாட்டார்க்கு அறிவித்தார். சிறிய கல் ஒகாயோவிலுள்ள வெஸ்டர்ன் ரிசர்வ் கல்லூரிக்குச் சென்றது. பெரிய கல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்குச் சென்றது. சென்னையில் 1851 முதலே அரசு அருங்காட்சியகம் இயங்கி வந்தது என்பதையும் ஈண்டு நினைவுகூர வேண்டும்.

இலண்டனில் அக்கல்லை ஏற்ற கனிமப்பிரிவுக்கு அக்காலத்தில் காப்பாளராயிருந்தவர் நெவில் ஸ்டோரி-மாஸ்கலின். 1857 முதல் 1880 வரை அப்பொறுப்பில் இருந்த அவர், விண்கற்களை மெல்லிய சீவல்களாக அரிந்து நுண்ணோக்கியில் ஆராயும் முறையை வளர்த்தவருள் ஒருவர். வியன்னாவில் வில்ஹெல்ம் ஹைடிங்கர் என்பார் இந்தியாவில் வீழ்ந்த கற்களின் துண்டுகளைக் கல்கத்தாவிலிருந்து பண்டமாற்றாகப் பெற்றுத் தொகுத்து வந்தார். பர்னல்லி பற்றியும் அவர் எழுதினார். கல்கத்தாவோ வழங்கியது மட்டுமன்று, பெறவும் செய்தது. இந்தியப் புவியியல் அளவைத் துறையின் தலைவர் தாமஸ் ஓல்டாம், மான்செஸ்டர் நகரத்துத் தொகுப்பாளர் கிரெக் என்பவரின் விண்கல் தொகுப்பை 1860களில் விலைக்கு வாங்கினார். ஆசியக் கழகத்தின் கற்களும் அத்துடன் சேர்ந்தன. அத்தொகுப்புக்கு 1916இல் காகின் பிரவுன் விரிவான அட்டவணை வெளியிட்டார். இந்திய மண்ணில் வீழும் விண்கற்களுக்கு அத்துறையே இன்றும் காப்பாளர்.

கற்களை அயலார் கொண்டு சென்றனர் என்று வருந்துவோர் உளர். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆயினும் இங்கேயே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்னும் வினாவையும் நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டும். 1880 திசம்பர் 2ஆம் நாள் பீகாரில் அந்தாரா என்னும் இடத்தில் வீழ்ந்த கல், கோயில் எழுப்பி வழிபடப்பெற்றது. வழிபட்டோரின் பற்று போற்றற்குரியது. வானம் தந்ததைக் கையேந்திப் பெறும் மனப்பாங்கு அதில் உள்ளது. ஆனால் நீராட்டும் எண்ணெய்க்காப்பும் சந்தனமும் விண்கல்லுக்கு ஒவ்வா. கருங்கல் திருமேனிக்கு நலம் செய்வது இரும்பு கலந்த கல்லுக்குக் கேடாய் முடியும். முல்லைத்தீவுக் கல்லைக் காக்க ஒரு நிறுவனம் இல்லாமற் போனமையால் அதில் பெரும்பகுதியை இழந்தோம். எனவே பெயர்ச்சியைக் காட்டிலும் பெரிய இழப்பு வேறொன்று என்பது நம் கருத்து. கல்லைப் பெயர்த்தவர்கள் ஊர்ப்பெயரைச் சிதைத்து எழுதினர். அச்சிதைவைத் திருத்தித் தர நாம் முன்வரவில்லை.

தொகுப்பைப் பேணுவதன் பயன் உடனே தெரிவதில்லை. இதற்குச் செர்கோட்டி விண்கல்லே சான்று. 1865 ஆகத்து 25ஆம் நாள் பீகாரின் கயை மாவட்டத்தில் ஏறத்தாழ 5 கிலோகிராம் எடையுள்ள இக்கல் வீழ்ந்தது. இதன் ஒரு பகுதியை வியன்னாவில் ஆராய்ந்த குஸ்டாவ் செர்மாக், அதுவரை அறியப்படாத கண்ணாடித் தன்மையுள்ள பொருளொன்றை 1872இல் கண்டு, மாஸ்கலின் நினைவாக அதற்கு மாஸ்கலினைட் என்று பெயரிட்டார். பின்னர் நூறாண்டுக் காலம் அக்கல் கல்கத்தாவில் அட்டவணை எண்ணுடன் அமைதியாகக் கிடந்தது. 1976இல் வைகிங் விண்கலங்கள் செவ்வாய்க் கோளின் காற்றை அளந்தன. அண்டார்க்டிக்காவில் கண்டெடுத்த, செர்கோட்டியின் இனத்தைச் சேர்ந்த ஒரு விண்கல்லில் சிறைப்பட்டிருந்த வளி அதனுடன் ஒத்திருப்பது 1983இல் வெளிப்பட்டது. கயை மாவட்டத்தில் வீழ்ந்தது செவ்வாயின் துண்டு என்பதை உலகம் அறிந்தது அப்போதுதான். 1865இல் அதனை எடுத்துவைத்தவர் எவரும் இதனைக் கனவிலும் கண்டிரார். அவர்கள் செய்தது கல்லை உலர வைத்ததும், எங்கு, எந்நாள் வீழ்ந்தது என்று எழுதி வைத்ததுமே.

இதற்கு மாறான நிகழ்வும் உண்டு. 2016 பிப்ரவரியில் வேலூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே நேர்ந்த வெடிப்பில் ஒருவர் உயிரிழந்தார். விண்கல்லே காரணம் என்னும் செய்தி உலகெங்கும் பரவியது. வெளிவந்த படங்களை நோக்கிய அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் அது நிலத்தில் நிகழ்ந்த வெடிப்பு போல் தோன்றுகிறது என்று கூறினர். ஐயத்திற்கிடமற்ற கல்லும் முறையான பதிவும் இல்லாத இடத்தில் செய்தி மட்டுமே எஞ்சும்.

கல் கெடுவது ஏன்?

மழைக்காலத்தில் ஈப்போ வீடுகளின் அடுக்களையில் உப்புச்சாடி நீர்த்துப் போவதை அனைவரும் கண்டிருப்போம். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துத் தானே கரைகின்றது. அரிசியை வறுத்துச் சாடியில் இடுவது அதற்கு நம் மகளிர் கண்ட மருந்து. விண்கல்லின் நோயும் ஏறத்தாழ இதுவே.

விண்கற்களில் பெரும்பாலானவற்றில் நிக்கல் கலந்த இரும்பு உள்ளது. கற்களில் துகளாகவும், இரும்பு விண்கற்களில் முழுமையாகவும் அது அமைந்திருக்கும். நிலத்தில் கிடக்கும்போது மண்ணிலும் மழைநீரிலும் உள்ள குளோரைடு நுண்வெடிப்புகளின் வழியே உட்புகுகின்றது. இரும்பும் குளோரைடும் சேர்ந்த இடம் ஈரத்தை இழுக்கும். கல்லின் மேற்பரப்பில் பழுப்பு நிறத் துளிகள் அரும்பும். பழைய காப்பாளர்கள் இதனைக் கல் வியர்க்கிறது என்றனர். ஆத்திரேலியாவின் கிரான்பர்னிலிருந்து 1860களில் இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட மூன்றரை டன் இரும்பு விண்கல் இவ்வாறு துளிர்த்துச் செதிள் செதிளாக உதிர்ந்து காப்பாளர்க்குப் பெருந்தொல்லை தந்தது.

இந்நோய்க்குக் காரணம் விண்ணிலிருந்தே வந்த லாரன்சைட் என்னும் குளோரைடுக் கனிமம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. டென்மார்க் அறிஞர் வாகன் புக்வால்ட் 1980களில் மேற்கொண்ட ஆய்வு அக்கருத்தை மாற்றியது. குளோரைடு பெரும்பாலும் பூமியிலிருந்தே புகுகின்றது. துருவின் ஒரு வகையாகிய அகாகனைட் அதனைத் தன் கட்டமைப்பில் பிடித்து வைத்து, ஈரம் கிடைக்கும்தோறும் சிறிது சிறிதாக வெளியிட்டு மேலும் துருவை வளர்க்கின்றது. இதனால் விளையும் முடிவு நமக்கு முதன்மையானது. கல்லின் கேடு அதன் பிறவிக் குணம் அன்று. அது நாம் வைக்கும் இடத்தின் குணம்.

முற்காலத்தார் மெருகெண்ணெயும் அரக்கும் மெழுகும் பூசிக் காக்க முயன்றனர். அவை ஈரத்தை வெளியே நிறுத்துவதற்கு மாறாக உள்ளே அடைத்தன. ஆய்வுக்குரிய மேற்பரப்பையும் மாசுபடுத்தின. இன்று ஏற்கப்பட்டுள்ள வழி காற்றை உலர்த்துவதே. குளோரைடு ஏறிய தொல்லியல் இரும்பில் நடத்தப்பட்ட ஆய்வுகள், ஒப்பு ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்குக் கீழிருந்தால் துருவேற்றம் ஏறத்தாழ நின்றுவிடுவதைக் காட்டியுள்ளன. அண்டார்க்டிக்கா விண்கற்களை ஹூஸ்டன் நகரிலுள்ள விண்வெளி மையத்தில் உலர்ந்த நைட்ரசன் நிறைந்த பேழைகளில் வைக்கின்றனர். பர்னல்லி போன்ற கற்களில் உலோகம் குறைவு. ஆகவே அவை இரும்பு விண்கற்களைப் போல் விரைந்து கெடுவதில்லை. எனினும் உலோகத் துகளும் இரும்பு சல்பைடும் அவற்றிலும் உண்டு. அவை துருவேறி விரியும்போது கல் உள்ளிருந்தே பிளவுபடும்.

ஈரநிலத்தில் ஒரு காட்சிப்பேழை

ஈப்போவின் காற்றில் ஆண்டு முழுவதும் சராசரி ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். வியன்னாவிலும் இலண்டனிலும் எழுதப்பட்ட காப்பு முறைகளை அப்படியே இங்குப் பெயர்த்து வைக்க இயலாது. குளிரூட்டி இருந்தால் போதும் என்னும் எண்ணம் நம் நாட்டில் பரவலாக உள்ளது. அலுவல் நேரத்தில் மட்டும் இயங்கி மாலையில் நிறுத்தப்படும் குளிரூட்டி, இல்லாததினும் தீங்கானது. பகலில் குளிர்ந்த கல்லின்மீது மாலையில் புகும் ஈரக்காற்று பனியெனப் படியும். நாள்தோறும் இது நிகழ்ந்தால் ஓராண்டில் கல் முன்னூறு முறைக்கு மேல் நனைந்து உலர்ந்ததாகும். அறையை உலர்த்த முயல்வதைவிடப் பேழையை உலர்த்துவதே அறிவுடைமை. காற்றுப்புகாமல் மூடப்பட்ட சிறு கண்ணாடிப் பேழை, அதன் அடித்தளத்தில் பார்வையாளர் கண்ணில் படாத இழுப்பறை, அதில் சிலிக்கா ஜெல், உள்ளே ஈரமானி என்னும் அமைப்பு பெருஞ்செலவு வேண்டாதது. சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் எடுத்து, 120 பாகை அளவில் அடுப்பில் சில மணி நேரம் சூடேற்றி மீண்டும் பயன்படுத்தலாம். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் பழைய வகையில் கோபால்ட் உப்பு உள்ளது; அது உடலுக்குத் தீங்கானது. பள்ளிகளில் செம்மஞ்சள் நிற வகையையே வாங்குதல் நன்று.

பேழை எதனால் செய்யப்பட்டது என்பது அடுத்த வினா. பேராக் மாநிலத்தில் எழுதுவோர் இவ்விடத்தில் சற்று நின்று செல்லாதிருக்க முடியாது. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட இரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கியது இம்மாநிலத்துத் தமிழர் வரலாற்றின் பெரும்பகுதி. அந்த இரப்பர் விண்கல்லுக்கு ஆகாத பொருள். கந்தகம் ஏற்றிப் பதப்படுத்திய இரப்பர் மெல்ல மெல்லக் கந்தக வளியை வெளியிடும். மூடிய பேழைக்குள் அது உலோகத்தைத் தாக்கும். வெள்ளிக் கொலுசை இரப்பர் வளையத்தால் கட்டி வைத்துக் கறுத்துப் போகக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பேழையின் கதவுக்கு இரப்பர் வார், கல்லுக்கு அடியில் இரப்பர்த் தகடு, பெயர்ச்சீட்டைக் கட்ட இரப்பர் வளையம் ஆகிய மூன்றையும் விலக்க வேண்டும். மரமும் அத்தகையதே. பலகைகளிலிருந்தும் அவற்றை ஒட்டும் பசைகளிலிருந்தும் அசெட்டிக் அமில ஆவி கசியும். குளோரின் கலந்த பி.வி.சி. நெகிழிப் பெட்டிகளும் தகா. கண்ணாடியும், பாலித்தீன், பாலிபுரோப்பிலீன் ஆகிய நெகிழிகளும் ஏற்றவை. எப்பொருள் தீங்கு செய்யும் என்பதை முன்கூட்டியே அறிய, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆண்ட்ரூ ஆடி 1970களில் வகுத்த ஆய்வுமுறை உள்ளது. ஐயத்திற்குரிய பொருளையும் பளபளக்கும் உலோகத் தகட்டையும் சிறிது நீருடன் ஒரே குப்பியில் அடைத்து 60 பாகை வெப்பத்தில் நான்கு வாரம் வைப்பர். தகடு மங்கினால் பொருள் தகாது. இதனை ஓர் இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடத்திலும் செய்து காட்டலாம்.

வெறுங்கையால் கல்லைத் தொடக்கூடாது. வியர்வையில் இருப்பது அதே குளோரைடு. ஆனால் தொடவே கூடாத பொருள் மாணவர் மனத்தில் பதிவதும் இல்லை. ஆகவே தொகுப்பில் எளிதிற்கிடைக்கும் இரும்பு விண்கல் துண்டொன்றைத் தொடுவதற்கென்றே ஒதுக்கி, மற்றவற்றைப் பேழைக்குள் வைக்கும் வழக்கம் அருங்காட்சியகங்களில் உண்டு. அவ்வொன்று காலப்போக்கில் கெடும் என்பதை ஏற்றுக்கொண்டே அதனை ஒதுக்க வேண்டும். விளக்கொளி கல்லைப் பெரிதும் கெடுக்காது. விளக்கின் வெப்பமே கெடுக்கும். ஆதலின் விளக்கு பேழைக்கு வெளியே இருத்தல் வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு கல்லையும் நிறுத்து எடையைக் குறித்து வைத்தல் வேண்டும். எடை குறைந்திருப்பின் துண்டு உதிர்ந்திருக்கலாம், அல்லது எவரேனும் எடுத்திருக்கலாம். எடை கூடியிருப்பின் கல் உயிர்வளியையும் நீரையும் ஏற்றிருக்கிறது. அதாவது கண்ணுக்குத் தெரியாமல் துருவேறத் தொடங்கிவிட்டது. திருட்டையும் துருவையும் ஒரே தராசு காட்டிக்கொடுக்கும்.

பேராக்கின் கற்கள்

ஈப்போவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வடக்கே லெங்கோங் பள்ளத்தாக்கு உள்ளது. அங்குள்ள புக்கிட் புனோ என்னுமிடத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மொக்தார் சைடின் தலைமையில் அகழாய்வு நடைபெற்றது. பண்டைக்காலத்தில் விண்கல் மோதியதால் உருகி இறுகிய சூவைட் என்னும் பாறையும், அப்பாறைக்குள் பதிந்த கற்கருவியும் அங்குக் கிடைத்ததாக 2009இல் அறிவிக்கப்பட்டது. அதன் காலம் 18 இலட்சத்து 30 ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பது ஆய்வுக்குழுவின் கணிப்பு. அத்துணைப் பழமையை எல்லா அறிஞரும் ஏற்றனர் என்று கூறுவதற்கில்லை. 2012இல் லெங்கோங் பள்ளத்தாக்கு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. சூவைட் விண்கல் அன்று. விண்கல்லின் அடியால் உருமாறிய நம் மண்ணின் பாறை. செருமனியின் நொர்ட்லிங்கன் நகரத்துத் தேவாலயம் அத்தகைய பாறையாலேயே கட்டப்பட்டது. விண்கல் துருவேறிக் கெடும் வகையில் அது கெடாது. அதற்கு உயிர்நாடி அது கிடைத்த இடமும் மண்ணடுக்கும் பற்றிய பதிவே. பதிவு தொலைந்தால் கற்கருவியோடு கூடிய சூவைட்டும் ஆற்றோரத்துக் கூழாங்கல்லும் ஒன்றே.

டெக்டைட் எனப்படும் கறுப்புக் கண்ணாடிக் கற்களும் இவ்வாறே. ஏறத்தாழ 7 இலட்சத்து 90 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெருமோதலில் உருகித் தெறித்த பூமிப்பொருள் அது. தென்கிழக்காசியா முதல் ஆத்திரேலியா வரை சிதறிக் கிடக்கின்றது. மலாயாவில் இவை பற்றி முதலில் எழுதியவருள் ஒருவர் ஜே. பி. ஸ்கிரிவனர். 1903இல் மலாய் ஐக்கிய மாநிலங்களின் அரசுப் புவியியலாளராகப் பொறுப்பேற்றுப் பத்துகாஜாவில் இருந்து பணிபுரிந்தவர் அவர். ஈய லம்பங்களில் மணலைக் கழுவும்போது இத்தகைய கற்கள் வெளிப்பட்டன. லம்பங்களில் மண் சுமந்தோர்க்கும் மணல் அலசியோர்க்கும் அது பயனற்ற கறுங்கல். தூக்கி எறியப்பட்டவை எத்தனையோ. அவர் தொடக்கிய பணியின் தொடர்ச்சியாகவே கனிம, புவி அறிவியல் துறையின் புவியியல் அருங்காட்சியகம் இன்று ஈப்போவில் இயங்குகின்றது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயக் கனிமங்களை அங்குக் காணலாம்.

அவ்வருங்காட்சியகத்திற்கு நகரின் மறுபுறத்தில், மேற்கே, சிலிபின் அமைந்துள்ளது. லூர்து மாதா ஆலயத்தைச் சூழ்ந்து வளர்ந்த தமிழர் குடியிருப்பையும் தமிழ்ப்பள்ளியையும் கொண்ட பகுதி அது. அங்கும், மூடப்பட்ட தோட்டங்களிலிருந்து இடம்பெயர்ந்த பிற தமிழ்ப்பள்ளிகளிலும், அறிவியல் அறையின் அலமாரியில் கற்கள் சில இருப்பது வழக்கம். ஆசிரியர் எவரோ கொணர்ந்தவை. பெற்றோர் எவரோ தந்தவை. அவற்றுள் டெக்டைட் இருக்கலாம், ஈயக் கனிமம் இருக்கலாம், வெறுங்கல்லும் இருக்கலாம். கற்களைவிட அவற்றைப் பற்றிய நினைவே விரைந்து அழிகின்றது. தந்தவர் ஓய்வு பெற்றதும் அக்கல்லின் ஊர் மறைகின்றது. இந்நாட்டின் மரபுரிமைச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. எனினும் அலமாரிக் கல்லின் நினைவைக் காக்க எச்சட்டமும் வாராது. லம்பத்திலும் தோட்டத்திலும் உழைத்த முதியோரிடம் இது எங்கே கிடைத்தது என்று கேட்டு எழுதி வைக்கும் பணியைத் தமிழாசிரியரே செய்ய இயலும். வாய்மொழி வரலாறு தொகுக்கும் பயிற்சி நம் மாணவர்க்கு உண்டு. அதே பயிற்சியில் கல்லையும் ஒரு கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பெயர்ச்சீட்டு எழுதும் முறையும் கற்பிக்கத்தக்கதே. அமிலமற்ற தாளில், அழியாத மையால், ஊர்ப்பெயரை முதலில் தமிழிலும் பின்னர் மலாயிலும் எழுத வேண்டும். மாவட்டம், கண்டெடுத்த நாள், தந்தவர், எந்த ஆழத்தில் அல்லது எம்மண்ணில் கிடைத்தது என்பன தொடர வேண்டும். கல்லிலேயே சிறு வெண்புள்ளியிட்டு எண் எழுதி, அதே எண்ணைச் சீட்டிலும் பதிவேட்டிலும் குறிக்க வேண்டும். சீட்டு ஒருநாள் கல்லை விட்டுப் பிரியும் என்று எண்ணியே இது செய்யப்படுகின்றது. அயல்நாட்டுப் பட்டியலில் சிதைந்த பெயர் காணப்படின், அதனையும் நீக்காமல் அருகில் எழுத வேண்டும். உலக ஆய்வாளர் அப்பெயராலேயே தேடுவர்.

அவ்வகையில் பர்னல்லிக்கு ஒரு தமிழ்ச் சீட்டு எழுதுவதாயின் அது இவ்வாறு அமையும்: பெருநாழி எனக் கருதப்படும் ஊர், கமுதி வட்டாரம், அன்றைய மதுரை மாவட்டம். பட்டியற்பெயர் பர்னல்லி. வீழ்ச்சி 1857 பிப்ரவரி 28, நண்பகல். கற்கள் இரண்டு. மொத்த எடை ஏறத்தாழ 77 கிலோகிராம். பெரிய கல் இலண்டன். சிறிய கல் ஒகாயோ. அதன் கீழே, கடைசியாக நிறுத்த நாளையும் எடையையும் எழுத ஒரு வரி வெற்றிடமாக விடப்பட வேண்டும்.